தன் புஸ்தகத்தைத் தானே விற்கலாமா?

காந்திபுரம் பஸ் நிலையத்தில் காத்து நிற்கும் மனிதனிடம் விற்க முடியாத சாமான் உலகத்திலேயே இல்லை என்று நான் வெகு நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். சீப்பு, கைக்குட்டை, வேர்க்கடலை, கொய்யாப்பழம், கைப்பேசிக்கு மேலுறை — எது வந்தாலும் யாராவது ஒருவர் வாங்கிவிடுகிறார். வேண்டும் என்று வாங்குகிறாரா, பஸ் வரவில்லையே என்ற கோபத்தில் வாங்குகிறாரா என்பது வேறு விஷயம். சென்ற மாதம் இந்த நம்பிக்கைக்குப் பங்கம் நேர்ந்தது. அன்று விலைக்கு வந்த சாமான் ஒரு தமிழ் நாவல். விற்க வந்தவர், அதை எழுதியவர்.

நாற்பது வயது மதிக்கலாம். தோளில் ஜவுளிக்கடைப் பை. அதன் வாயிலிருந்து ஏழெட்டுப் புஸ்தகங்கள் எட்டிப் பார்த்தன. பெஞ்சியில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் போய், ஒரு பிரதியை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"என்னங்க இது, பரீட்சைப் புஸ்தகமா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க, கதைங்க. நானே எழுதினதுங்க."

பெரியவர் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பின்னட்டையிலிருந்த போட்டோவையும் எதிரே நின்ற முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, சற்றும் கெட்ட எண்ணமில்லாமல், "ஏனுங்க, நீங்களே எழுதி நீங்களே விக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் ஒரு பிரதி வாங்கினேன். வீரத்தினால் அல்ல; அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்த பிறகு வாங்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்து டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே அவர் தம்முடைய கணக்கைச் சொன்னார். பதிப்பாளர் இருவருக்கு அனுப்பிப் பதிலே வராமற் போகவே, மனைவி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் தாமே முந்நூறு பிரதிகள் அச்சிட்டார். வெளியீட்டு விழா என்று ஒன்று நடந்தது. வந்தவர்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புஸ்தகத்தை மட்டும் மேஜை மேலேயே விட்டுப் போனார்கள். ஒரு கடையில் பத்துப் பிரதிகள் வைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், பத்தும் கட்டுப் பிரியாமல் இருந்தனவாம். பாதிக்கு மேல் இன்னும் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

"பணம் போனதுகூடப் பெரிசில்லீங்க. 'நீங்களே எழுதி நீங்களே விக்கறீங்களா'ன்னு கேக்கறாங்க பாருங்க, அதுதானுங்க தாங்கல. ரெண்டாவது நாவல் எழுதி வெச்சிருக்கறனுங்க. போடறதா, வேண்டாமான்னு தெரியலீங்க" என்றார்.

அன்று எனக்குப் பதில் தோன்றவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடேயே ஏறிக்கொண்டது. அதைத்தான் இந்த வாரம் நேயர்கள் முன்னிலையில் வைக்கிறேன். ஓர் ஆசிரியன் தன் நூலைத் தானே எடுத்துக்கொண்டு வீதிக்கு வருவது இழிவா? தன் எழுத்தைப் பற்றித் தானே பேசுவது தகுமா?

முதலில் இலக்கணத்தைக் கேட்போம். 'நன்னூல்' செய்த பவணந்தி முனிவர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் எழுதி வைத்திருக்கிறார். கொங்கு நாட்டார் அவரைப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர் என்று உரிமை கொண்டாடுவதும் உண்டு. ஆகவே நம் ஊர் வழக்குக்கு நம் ஊர் நீதிபதி என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, எழுதத் தக்கவர்கள் யார் யார் என்று அவர் வகுக்கிறார்: நூலாசிரியனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரைகாரர். இந்தப் பட்டியலில் நூலாசிரியனுக்கு இடமில்லை. எவ்வளவு அரிய நூல் செய்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியல்ல என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

கேட்டதும், 'வழக்கு முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்' என்று தோன்றும். ஆனால் நல்ல நீதிபதி அல்லவா? அடுத்த சூத்திரத்திலேயே நான்கு விலக்குகள் கொடுத்திருக்கிறார். அரசனுடைய சபைக்கு ஓலை எழுதும்போது தற்புகழ்ச்சி தகும். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே தகும். பெரிய அவையில் வாதம் செய்து வெல்லும்போது தகும். எதிரி தன்னைப் பழித்தபோது தகும்.

இந்த நான்கில் இரண்டாவதைக் கவனியுங்கள். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே! காந்திபுரம் பஸ் நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை உண்டா? சிங்காநல்லூர் பஸ்ஸும் வடவள்ளி பஸ்ஸும் ஏறப் போகிற ஆயிரம் பேரில், நம் நண்பருடைய ஆற்றலை அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே, இலக்கணப்படி அவர் வாயைத் திறக்கலாம்.

இலக்கணம் இப்படி. சரித்திரம் என்ன சொல்கிறது? இந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்த மகானிடமே போவோம். 1919ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி, ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தேசமெங்கும் கடையடைப்பு நடந்தது. அன்று மாலை பம்பாய் வீதிகளில் காந்தியடிகளும் ஸ்ரீமதி சரோஜினி தேவியும் மோட்டாரில் போய்ப் புஸ்தகம் விற்றார்கள். சர்க்கார் தடை செய்திருந்த புஸ்தகங்கள் அவை. ஒன்று, காந்திஜி 1909இல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்'. மற்றொன்று, ரஸ்கினைத் தழுவி அவர் எழுதிய 'சர்வோதயம்'. இரண்டும் சொந்தச் சரக்குதான். விலை நாலணா. ஆனால் நாலணா கொடுத்து வாங்கியவர் அபூர்வம் என்றும், ஒரு பிரதியை ஐம்பது ரூபாய்க்கு விற்றதாக நினைவு என்றும் தமது சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். தேசத்துக்காகச் சட்டத்தை மீறிய காரியம் வேறு, நாவல் விற்பது வேறு என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் எழுதிய கையே விற்கும் கையாக இருப்பதில் கேவலம் ஒன்றுமில்லை என்பது வரையில் அந்த மாலைப் பொழுது போதுமான சாட்சி.

அடுத்த வருஷம், 1920இல், நம் பாரதியார் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் கையெழுத்துப் பிரதிகளை நாற்பது நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீட்டுக்கு வீடு செலவாகும் என்று நம்பினார். முதலுக்குப் பணம் கடனாகக் கேட்டார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவர் கணக்குத் தப்பவில்லை, காலந்தான் பிந்திவிட்டது. பிற்காலத்தில் அவருடைய பாட்டு வீட்டுக்கு வீடு சென்றதை நாம் அறிவோம். அந்தச் சுற்றறிக்கை வந்த நாளில், 'இவரே எழுதி இவரே விற்கிறாரே' என்று சிரித்தவர்களும் இருந்திருக்கக்கூடும். அவர்களுடைய பெயர் யாருக்குத் தெரியும்?

நாவலாசிரியர்களுக்கே வருவோம். 'பத்மாவதி சரித்திர'த்தின் ஆசிரியர் அ. மாதவையா உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1922இல் ஓய்வு பெற்றார்; பிறகு சொந்தமாக அச்சுக்கூடம் வைத்துத் தம் நூல்களைத் தாமே பிரசுரித்தார்; 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையும் நடத்தினார். 1925 அக்டோபரில் சென்னைச் சர்வகலாசாலையின் செனட் சபையில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார்.

அதே 1925இல்தான் வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்றார். பள்ளிக்கூடம் போகாத பெண்மணி. ஆரம்பத்தில் தாம் சொல்லச் சொல்லத் தோழியை எழுத வைத்தவர். பத்திரிகையில் தம் நாவல்களைத் தொடராகப் போட்டார், புஸ்தகமாக்கினார், 115 நாவல்கள் எழுதினார். நடுவே தேசத்துக்காகச் சிறையும் சென்று வந்தார். யாருடைய வாசலிலும் கையெழுத்துப் பிரதியோடு காத்து நிற்காமல், தமக்கென்று ஒரு வாசலைக் கட்டிக்கொண்டார் அம்மாள்.

இவையெல்லாம் சென்னைப் பட்டணத்துச் சமாசாரங்கள் என்று கொங்கு நாட்டு நேயர்கள் குறைப்பட வேண்டாம். கோயமுத்தூரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆர். சண்முகசுந்தரம் 1917இல் பிறந்தவர், கீரனூர்க்காரர். 'மணிக்கொடி'யில் கதை எழுதியவர். தம்பி திருவேங்கடத்துடன் சேர்ந்து கோவையில் 'புதுமலர் நிலையம்' என்ற பிரசுராலயத்தையும், 'வசந்தம்' என்ற பத்திரிகையையும் நடத்தினார். 1942இல் வெளிவந்தது அவருடைய 'நாகம்மாள்'. கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் ஒரு குடியானவ விதவை, நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள்; அவ்வளவுதான் கதைக்கு வித்து. கொங்கு நாட்டுக் குடியானவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சையே பாத்திரங்கள் பேசினார்கள். தமிழில் வட்டார நாவலுக்கு அதுவே முன்னோடி என்று விமரிசகர்கள் இன்று ஒரு முகமாகச் சொல்கிறார்கள். ஆனால் சண்முகசுந்தரத்தின் பேனா பெரும்பாலும் மொழிபெயர்ப்பிலேயே உழைத்தது. சரத் சந்திரரையும் 'பதேர் பாஞ்சாலி'யையும் தமிழருக்குத் தந்த அந்தக் கை, இன்னும் எத்தனை கொங்கு நாவல்களைத் தந்திருக்கக்கூடுமோ! 1977இல் காலமானார். 'நாகம்மா'ளுக்கு அன்று வாசகர்கள் திரண்டு வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொடுவது சி. சு. செல்லப்பாவின் சரித்திரம். காங்கிரஸ் தொண்டராகச் சிறை சென்றவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்கள் நடத்தினார். பத்திரிகைக்குச் சந்தா போதவில்லை. வெளியிட்ட புஸ்தகங்களைக் கடைக்காரர்கள் கேட்கவில்லை. மனிதர் சளைக்கவில்லை. புஸ்தக மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். பேராசிரியர்களையும் மாணவர்களையும் பார்த்துப் பேசி விற்றார். தம் புஸ்தகங்களை மட்டுமல்ல, தாம் நல்லவை என்று நம்பிய பிறருடைய புஸ்தகங்களையும் அந்த மூட்டையில் வைத்திருந்தார். சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி அவர் எழுதிய 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களில் 1997இல் வெளிவந்தது. எண்பத்தைந்தாவது வயதில் அதையும் சொந்தப் பிரசுரமாகவே போட்டார்! மறு வருஷம் காலமானார். 2001இல் அந்த நாவலுக்கு சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. 'வாடிவாசல்' என்ற அவருடைய சிறு நாவல் இன்று பதிப்புமேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது.

நிற்க. தற்புகழ்ச்சிக்கு இவ்வளவு சாட்சி சேர்த்துவிட்டு, மறு பக்கத்தைச் சொல்லாவிட்டால் நான் வக்கீலாவேனே தவிர, பத்திரிகைக்காரன் ஆகமாட்டேன். அமெரிக்கக் கவி வால்ட் விட்மன் 1855இல் 'புல்லின் இதழ்கள்' என்ற கவிதை நூலைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். அதில் சில பக்கங்களுக்குத் தாமே அச்சுக் கோத்தார். இது வரையில் மெத்தச் சரி. ஆனால் பிறகு, பெயர் போடாமல், தம் நூலுக்குத் தாமே மதிப்புரைகள் எழுதிப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். பெரியவர் எமர்சன் அந்தரங்கமாக எழுதிய பாராட்டுக் கடிதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை, அவருடைய அனுமதியில்லாமலே அடுத்த பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்தார். விட்மன் மகாகவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த இரண்டு காரியங்களும் அவருடைய கவிதைக்குத் தேவைப்படவில்லை. அவருடைய பெயருக்கு ஒரு சிறு கறையாகவே நிற்கின்றன.

இங்கேதான் எல்லைக் கோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'இது நான் எழுதியது. படித்துப் பாருங்கள்' என்று தன் முகத்தைக் காட்டிச் சொல்வது மானமுள்ள காரியம். முகத்தை மறைத்துக்கொண்டு, 'இதைப் போல் ஒரு நூல் உண்டா!' என்று பிறர் குரலில் கூவுவது மானம் கெட்ட காரியம். இந்தக் காலத்தில் இரண்டாவது காரியத்துக்கு வசதி அதிகம். அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களை ஆசிரியர்களே நேரே வெளியிடும் வழி 2016 டிசம்பரில் திறந்தது. விற்பனையில் நூற்றுக்கு முப்பத்தைந்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் எழுபது வரை ஆசிரியனுக்குக் கிடைக்கிறது. அச்சுப் புஸ்தகத்தில் பத்து சதவிகிதம் ராயல்டி கிடைத்தாலே அதிருஷ்டம் என்றிருந்த எழுத்தாளனுக்கு இது பெரிய விடுதலை. கூடவே ஒரு சோதனையும் வந்தது. கூடை நிறைய நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு, மைத்துனரையும் மாமனாரையும் விட்டுத் தன் நூலின் மேல் தானே தூவிக்கொள்ளலாம். அப்படித் தூவிய நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாந்த வாசகர், அடுத்த நல்ல நூலையும் நம்ப மாட்டார். நஷ்டம் ஒருவருக்கல்ல, எழுதுகிற எல்லோருக்கும்.

இன்னொரு சோதனை, நேரம். முகநூலில் நாள்தோறும் தன் புஸ்தகத்தைப் பற்றி நாலு வரி, வாட்ஸப்பில் நாலு குழு, பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதற்கு நாலு மணி நேரம். நாவல் எழுத மிச்சம் எது? இதே கோவையில் வாழும் ராஜேஷ்குமார் அவர்கள் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். பஸ் நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கொடியில் துணி காய்வது போல் தொங்கிய காலம் ஒன்று உண்டு. விற்கும் வேலையைப் பத்திரிகையும் கடையும் பார்த்துக்கொண்டன, எழுத்தாளர் எழுதினார். அந்தக் கடைகள் இன்று அருகிவிட்டன. ஆகவே இரண்டு வேலையும் ஒரு தலையில் விழுகின்றன. விழுந்ததைச் சுமக்கலாம். ஆனால் எழுதும் நேரத்தைத் தின்று வளரும் விளம்பரம், ஆணி வேரை வெட்டி அடுப்பெரிப்பதற்குச் சமானம்.

இவ்வளவும் யோசித்த பிறகு, நண்பருக்குப் பதில் எழுதினேன். அதன் சாராம்சம் இது:

"இரண்டாவது நாவலைப் போடுங்கள். ஆனால் முந்நூறு பிரதி வேண்டாம். இப்போது ஐம்பது, நூறு என்று தேவைக்குத் தக்கபடி அச்சிடும் வசதி இருக்கிறது. பிரதிக்குச் செலவு சற்று அதிகமானாலும் கட்டிலுக்கு அடியில் தூசி படியாது. கடைக்காரருக்கு நூற்றுக்கு முப்பது, நாற்பது கழிவு கொடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்து விலை போடுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். மத்திய சர்க்கார் அதை இலவசமாகவே தருகிறது. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பிவிடுங்கள். நாம் போன பிறகும் புஸ்தகம் அங்கே இருக்கும். கொடிசியா வளாகத்தில் 2015 முதல் நடந்துவரும் புஸ்தகத் திருவிழாவுக்குப் போங்கள். அங்கே வருகிறவர்கள் புஸ்தகம் வாங்கவே வருகிறவர்கள். செல்லப்பாவைப் போல உங்கள் பையில் பிறருடைய நல்ல புஸ்தகம் ஒன்றையும் வைத்திருங்கள். அதைப் பற்றி நீங்கள் பேசும்போது உங்கள் முகத்தில் சங்கோசம் இராது. அந்த முகத்தைப் பார்த்து உங்கள் புஸ்தகத்தையும் வாங்குவார்கள். கடைசியாக, வீட்டுச் சீட்டுப் பணத்தை இனித் தொடாதீர்கள். முதல் நாவல் விற்ற பணத்தில் இரண்டாவது வரட்டும். தாமதமானால் ஆகட்டும்."

நாவல் எப்படி இருந்தது என்று நேயர்கள் கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். முதல் முப்பது பக்கங்கள் சற்று நொண்டுகின்றன. பிறகு சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கொட்டகை ஒன்றில் ஓர் இரவு வருகிறது. கரண்ட் நின்றுவிடுகிறது. இத்தனை நாள் தறிச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேளாமல் குடித்தனம் நடத்திய புருஷனும் மனைவியும், அந்த நிசப்தத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் விழிக்கிறார்கள். அந்த ஏழு பக்கங்களுக்காக நான் கொடுத்த விலை குறைவு. அதை எனக்கு எந்தக் கடையும் காட்டவில்லை, எந்த விளம்பரமும் சொல்லவில்லை. எழுதியவர் வெட்கத்தை விட்டுப் பஸ் நிலையத்துக்கு வந்திராவிட்டால் அந்த இரவு எனக்குக் கிடைத்திராது.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது ஒருவர் இரண்டு கைகளாலும் ஒரு புஸ்தகத்தை நீட்டினால், கட்டாயம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நின்றபடியே ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். "நீங்களே எழுதி நீங்களே விக்கறீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படியே வாய் தவறிக் கேட்டுவிட்டால், "எந்த இடத்துல இருந்துங்க கதை ஆரம்பிக்குது?" என்று இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள். பஸ் எப்படியும் தாமதமாகத்தான் வரும்.